பாத எலும்புகளின் பிறவி ஒட்டு: பிரிப்பதா, இணைப்பதா?

எங்கள் எலும்பு மூட்டு சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வரப்படும் பிள்ளைகளுள் ஒரு சாரார் பத்து முதல் பதினைந்து வயதுக்குட்பட்டவர்கள். ஓராண்டுக்குள் மூன்று, நான்கு முறை ‘சுளுக்கு’ என்று கட்டுப் போடப்பட்டிருக்கும். எண்ணெய் தடவி உருவியும் விட்டிருப்பார்கள். ஒரு வாரம் நலமாக இருந்த கால், பள்ளி விளையாட்டு விழாவுக்கான பயிற்சி தொடங்கியதும் மீண்டும் வலிக்கத் தொடங்கியிருக்கும். பள்ளியில் சோம்பல் என்பார்கள். வீட்டில் சாக்குப்போக்கு என்பார்கள். எக்ஸ்ரே அறிக்கையில் எலும்பு முறிவு இல்லை என்று எழுதப்பட்டிருக்கும். இத்தகைய பிள்ளைகளுள் சிலருக்கு இருப்பது சுளுக்கன்று. பாதத்தின் பின்பகுதியிலுள்ள இரண்டு எலும்புகள் பிறவியிலேயே ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதே அவர்களது வலிக்குக் காரணம். மருத்துவ அறிக்கைகளில் இது ‘டார்சல் கோயலிஷன்’ என்று குறிக்கப்படும். இந்தக் கட்டுரையில் இதனை எலும்பு ஒட்டு என்று குறிப்பிடுகிறோம்.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. அவற்றுள் பின்பகுதியிலும் நடுப்பகுதியிலும் அமைந்த ஏழு எலும்புகளே உடலின் எடையைத் தாங்கித் தரைக்குக் கடத்துகின்றன. நமக்கு இங்கே தேவைப்படுபவை மூன்று: கணுக்காலுக்குள் பொருந்தியிருக்கும் கணு எலும்பு, அதன் கீழேயுள்ள குதிகால் எலும்பு, அவற்றுக்கு முன்னே உட்புறமாக அமைந்த படகு வடிவ எலும்பு. பாதத்தை மேலும் கீழும் அசைப்பது கணுக்கால் மூட்டு. பாதத்தை உட்புறமும் வெளிப்புறமும் சாய்ப்பது அதற்குக் கீழே, கணு எலும்புக்கும் குதிகால் எலும்புக்கும் இடையிலுள்ள மூட்டு. இதனைக் கீழ்க்கணு மூட்டு என்று கூறலாம். சமதளமான சிமெண்டுத் தரையில் நடக்கும்போது இதன் அருமை தெரிவதில்லை. வயல் வரப்பிலும், மணிமுத்தாற்றின் மணலிலும், சரளைக் கல் பரப்பிய பாதையிலும் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் தரையின் சாய்வுக்கேற்பப் பாதத்தைத் திருப்பிக் கொடுப்பது இந்த மூட்டுதான்.

கருவில் இந்த எலும்புகள் தனித்தனியாகத் தோன்றுவதில்லை. ஒரே திரளாகத் தோன்றிப் பின்னர் பிரிகின்றன. அவ்வாறு பிரியும்போது ஓரிடத்தில் பிரிவு முழுமை பெறாமல் நின்றுவிட்டால் அங்கே ஒட்டு எஞ்சுகிறது. தாய் கருவுற்றிருந்தபோது உண்ட உணவோ, பார்த்த கிரகணமோ இதற்குக் காரணமன்று. இந்தக் கேள்வியைத் தாய்மார்கள் தயக்கத்துடன் கேட்பதால் இதனைத் தெளிவாகக் கூறிவிடுகிறோம். பரம்பரைத் தொடர்பு மட்டும் உண்டு. 1974ஆம் ஆண்டு பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், இந்நோய் கண்டவர்களின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரைச் சோதித்தபோது நூற்றுக்கு 39 பேருக்கு ஏதேனும் ஒருவகை ஒட்டு இருந்தது. எனவே தந்தைக்கோ தமக்கைக்கோ பாதம் விறைப்பாக இருந்தால் அதையும் மருத்துவரிடம் கூறுவது நல்லது.

பிறவியிலேயே உள்ள குறை பத்து வயது வரை ஏன் வெளிப்படவில்லை என்பது அடுத்த கேள்வி. குழந்தைப் பருவத்தில் ஒட்டு மென்மையான குருத்தெலும்பாகவோ நாராகவோ இருக்கிறது. ஓரளவு வளைந்து கொடுக்கிறது. வளர வளர அது எலும்பாக இறுகுகிறது. குதிகால் எலும்புக்கும் படகு வடிவ எலும்புக்கும் இடைப்பட்ட ஒட்டு பெரும்பாலும் 8 முதல் 12 வயதிலும், கணு எலும்புக்கும் குதிகால் எலும்புக்கும் இடைப்பட்டது 12 முதல் 16 வயதிலும் இறுகுகிறது. வலி தோன்றுவதும் அந்த வயதுகளில்தான். ஒட்டுகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது இவ்விரண்டு வகையைச் சேர்ந்தவை. ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இரண்டு பாதங்களிலும் ஒட்டு இருக்கும்.

வலிக்குக் காரணம் எது?

எலும்புகள் ஒட்டியிருப்பதால் வலிக்கிறது என்றால், வலியைப் போக்குவதற்காக எலும்புகளை ஒட்டவைக்கும் அறுவை சிகிச்சையும் ஏன் செய்கிறீர்கள் என்று ஒரு தகப்பனார் எங்களிடம் கேட்டார். மிகச் சரியான கேள்வி. இதற்கு விடை நம் ஊர்த் தொழிலிலேயே இருக்கிறது. பீங்கான் தொழிற்பேட்டையில் கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டுவதைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: ஈரம் ஒத்திருக்கும்போது களிமண் கரைசல் தடவி முழுமையாக ஒட்டிய கைப்பிடி சூளையிலிருந்து ஒரே பொருளாக வெளிவருகிறது. அரைகுறையாக ஒட்டியது, காயும்போதும் சுடும்போதும் அந்த ஒட்டிலேயே விரிசல் காண்கிறது. பாதமும் அத்தகையதே. முழுமையாக இணைந்துவிட்ட எலும்புகளுக்கு இடையே அசைவில்லை. அசைவில்லாத இடத்தில் உரசலில்லை. முழுமையாகப் பிரிந்த எலும்புகள் வழுவழுப்பான குருத்தெலும்பின் மேல் நகர்கின்றன, அங்கும் வலியில்லை. பாதி ஒட்டி, பாதி அசைந்து, ஒவ்வோர் அடியிலும் இழுபடும் ஒட்டுதான் வலியைத் தருகிறது. ஆகவே அறுவை சிகிச்சை இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்கிறது: முழுமையாகப் பிரிப்பது, அல்லது முழுமையாக இணைப்பது.

ஒட்டு முழு எலும்பாக மாறிய பின்னரும் சிலருக்கு வலி நீடிப்பதுண்டு. அப்போது வலிப்பது ஒட்டிய இடமன்று, அதன் அண்டை மூட்டுகள். ஒரு மூட்டு செய்ய வேண்டிய வேலையை அடுத்த மூட்டு சுமக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது தேய்கிறது. பாதம் சாயாததால் கணுக்கால் மூட்டின் தசைநார்கள் இழுபட்டு, மெய்யாகவே அடிக்கடி சுளுக்கும் நேர்கிறது.

வலிக்கும் பாதத்தை அசையவிடாமல் காக்கும் பொருட்டுக் காலின் வெளிப்புறத் தசைகள் கயிறுபோல் இறுகிக்கொள்கின்றன. பாதம் வெளிப்புறம் சாய்ந்து தட்டையாகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நிலையை விவரித்தவர்கள் தசை இறுக்கத்தையே நோயாகக் கருதினர். டென்மார்க் நாட்டு அறுவை மருத்துவர் ஸ்லோமன் 1921இல் பாதத்தைச் சாய்வாக வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் குதிகால் எலும்புக்கும் படகு வடிவ எலும்புக்கும் இடையிலுள்ள ஒட்டைக் காட்டினார். கனடாவின் ஹாரிஸ், பீத் இருவரும் இராணுவ வீரர்களின் பாதங்களைப் பெருமளவில் ஆய்ந்து, 1948இல் மற்றொரு வகையான கீழ்க்கணு ஒட்டையும் இதற்குக் காரணமாக நிறுவினர். தசை இறுக்கம் விளைவேயன்றிக் காரணமன்று என்பது அதன் பின்னரே தெளிவாயிற்று. உருவிவிடுவதால் இந்த இறுக்கம் தீராததற்கும் இதுவே காரணம். வலிக்கும் பாதத்தை வலுக்கட்டாயமாகத் திருப்பி உருவ வேண்டாம் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம்.

கண்டறிதல்

வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க எளிய சோதனை ஒன்றுண்டு. பிள்ளையைச் சுவரைப் பிடித்துக்கொண்டு முன்கால் விரல்களில் எம்பி நிற்கச் சொல்லிப் பின்புறமிருந்து பாருங்கள். சாதாரணத் தட்டைப் பாதமெனில், எம்பும்போது குதிகால் உட்புறமாகத் திரும்பும். பாதத்தின் வளைவும் தோன்றும். இத்தகைய பாதத்துக்குப் பெரும்பாலும் சிகிச்சையே தேவையில்லை. குதிகால் திரும்பாமல், தட்டை தட்டையாகவே நின்றால் அது விறைத்த பாதம். அதனை மருத்துவர் பார்க்க வேண்டும்.

விறைத்த பாதம் யாவும் எலும்பு ஒட்டன்று. இளம்பருவ மூட்டு அழற்சி, எலும்புக் காசநோய், சிறு எலும்புக் கட்டிகள் ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரக்கூடும். நம் நாட்டில் காசநோயை மறந்துவிட்டுப் பாதவலிக்கு மருத்துவம் பார்க்க இயலாது. பாதத்தில் நீடித்த வீக்கம், மாலைக் காய்ச்சல், எடை குறைதல், உறக்கத்திலிருந்து எழுப்பும் இரவு வலி, காலையில் நெடுநேரம் நீடிக்கும் விறைப்பு ஆகியவற்றுள் ஏதேனும் இருப்பின் உடனே கூறுங்கள். அவற்றுக்கான மருத்துவம் முற்றிலும் வேறு.

வழக்கமாக நேராகவும் பக்கவாட்டிலும் எடுக்கும் எக்ஸ்ரேயில் ஒட்டு எளிதில் தப்பிவிடும். ஸ்லோமன் காட்டிய அதே சாய்வு எக்ஸ்ரேயைத் தனியே எடுக்க வேண்டும். பக்கவாட்டுப் படத்தில் குதிகால் எலும்பின் முன்முனை எறும்புதின்னியின் மூக்குபோல் நீண்டிருப்பதும் ஓர் அடையாளம். கணுவுக்கும் குதிகாலுக்கும் இடைப்பட்ட ஒட்டை அறியவும், மூட்டின் எவ்வளவு பரப்பை அது பற்றியிருக்கிறது என்று அளக்கவும் சி.டி. ஸ்கேன் தேவை. நாராகவோ குருத்தெலும்பாகவோ உள்ள ஒட்டுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் உதவும்.

படத்தில் ஒட்டு தெரிந்துவிட்டது என்பதற்காக அறுவை சிகிச்சை செய்வதை நாங்கள் ஏற்பதில்லை. ஒட்டு உள்ளவர்களில் மிகப் பலர் வாழ்நாள் முழுதும் வலியின்றி நடமாடுகிறார்கள். வேறு காரணத்துக்காக எடுத்த படத்தில் தற்செயலாக அது தென்படுகிறது. மருத்துவம் வலிக்குத்தான், படத்துக்கன்று. ஒரு பாதம் வலித்து மறு பாதம் வலிக்காதிருப்பின், மறு பாதத்தைத் தொட வேண்டியதில்லை.

முதலில் மாவுக்கட்டு

வலியுடன் வருபவர்களுக்கும் முதல் மருத்துவம் கத்தியன்று. ஓட்டத்தையும் குதிப்பையும் சில வாரங்கள் நிறுத்துகிறோம். வலி நிவாரணி, குதிகாலைத் தாங்கும் உள்ளட்டை பொருத்திய காலணி ஆகியவை உதவும். அவை போதாவிடில் முழங்காலுக்குக் கீழே 3 முதல் 6 வாரங்கள் மாவுக்கட்டு இடப்படும். (பீங்கான் ஆலைகளில் களிமண் கரைசலை ஊற்றும் அச்சுகளும் இதே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கொண்டே செய்யப்படுகின்றன. ஜிப்சத்தைச் சுட்டு நீரை வெளியேற்றிய பொடி, மீண்டும் நீர் பட்டதும் இறுகுகிறது. நம் ஊர் நோயாளிகளுக்கு இந்தக் கட்டு நனையக்கூடாது என்பதை விளக்க வேண்டியதே இல்லை.) கட்டைப் பிரித்த பின் கணிசமானோர் வலியின்றிப் பள்ளிக்குத் திரும்புகிறார்கள். சிலருக்கு வலி திரும்ப வருகிறது. அப்போதுதான் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசுகிறோம்.

பிரிக்கும் அறுவை

வளரும் வயது, சிறிய ஒட்டு, அண்டை மூட்டுகளில் தேய்மானமின்மை: இம்மூன்றும் அமைந்தால் பிரிப்பதே சிறந்தது. குதிகால் எலும்புக்கும் படகு வடிவ எலும்புக்கும் இடைப்பட்ட ஒட்டுக்குப் பாதத்தின் வெளிப்புறத்தில் சிறு கீறலிட்டு, ஏறத்தாழ 1 செ.மீ. அகலத்துக்கு எலும்புத் துண்டை முழுவதுமாக எடுத்துவிடுகிறோம். மெல்லிய கீற்றாக எடுத்தால் போதாது. எலும்பு மீண்டும் வளர்ந்து இடைவெளியை அடைத்துவிடும். இடைவெளியில் உடலிலிருந்தே எடுத்த கொழுப்பையோ, அருகிலுள்ள சிறு தசையையோ வைத்து நிரப்புவதும் அதற்காகவே. மயக்கத்தில் இருக்கும்போதே பாதத்தைச் சாய்த்துப் பார்த்து, அசைவு திரும்பியிருப்பதை உறுதி செய்த பின்னரே தையலிடுகிறோம்.

கீழ்க்கணு மூட்டிலுள்ள ஒட்டைப் பிரிப்பது இதைவிடக் கடினம். கீறல் உட்புறத்தில் அமைகிறது. பாதத்துக்குச் செல்லும் இரத்தக்குழாயும் நரம்பும் விரல் நீட்டினால் தொடும் தொலைவில் உள்ளன. மூட்டின் பின்புறப் பரப்பில் பாதிக்கு மேல் ஒட்டு பரவியிருந்தாலோ, குதிகால் வெளிப்புறமாக மிகவும் சாய்ந்திருந்தாலோ, பிரித்தாலும் பலன் குறைவு. குதிகாலின் சாய்வை நேர்படுத்த எலும்பை வெட்டி நகர்த்திப் பொருத்தும் கூடுதல் அறுவையும் சிலருக்குத் தேவைப்படும். எலும்பை வெட்டினால் கால் ஊனமாகிவிடும் என்ற அச்சத்தால் பெற்றோர் இரண்டு, மூன்று ஆண்டுகள் காலம் கடத்துவதுண்டு. அந்த அச்சம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஆண்டுகளில்தான் அண்டை மூட்டுகள் தேயத் தொடங்குகின்றன. தேய்ந்துவிட்டால் பிரிக்கும் வழி மூடப்பட்டுவிடும். மாவுக்கட்டுக்குப் பின்னும் வலி திரும்பிய பிள்ளைக்கு அடுத்த கோடை விடுமுறை வரை காத்திருக்கலாம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்று ஒவ்வொன்றாக முடியும்வரை காத்திருத்தல் ஆகாது.

இணைக்கும் அறுவை

வலிக்கும் மூட்டின் குருத்தெலும்பை முற்றிலும் சுரண்டியெடுத்து, எலும்பின் பச்சைப் பரப்புகளைப் பொருத்தி, திருகாணிகளால் இறுக்கி, ஒரே எலும்பாக வளரவிடுவது ‘ஆர்த்ரோடெசிஸ்’ எனப்படும் மூட்டு இணைப்பு அறுவை. தேய்மானம் ஒரு மூட்டோடு நின்றிருந்தால் கீழ்க்கணு மூட்டை மட்டும் இணைக்கிறோம். பரவியிருந்தால் பின்பாதத்தின் மூன்று மூட்டுகளையும் இணைக்க நேரும். இதனை ‘ட்ரிப்பிள்’ என்று அறிக்கையில் காண்பீர்கள்.

இது புதிய அறுவையன்று. இளம்பிள்ளைவாதம் பரவலாக இருந்த காலத்தில், தொய்ந்து கோணிய பாதங்களை நிலைநிறுத்த மூன்று மூட்டு இணைப்பு நம் நாட்டில் பெருமளவில் செய்யப்பட்டது. அக்காலத்தில் அறுவை செய்துகொண்ட பெரியவர்கள் இன்றும் எங்களிடம் வருகிறார்கள்; பாதம் உறுதியாக இருக்கிறது, ஆனால் கணுக்கால் வலிக்கிறது என்கிறார்கள். அமெரிக்காவின் ஐயோவாவில் இந்த அறுவை செய்துகொண்ட 57 பேரின் 67 பாதங்களைச் சராசரியாக 25 ஆண்டுகளுக்குப் பின்னும், மீண்டும் 44 ஆண்டுகளுக்குப் பின்னும் சோதித்து 1999இல் முடிவை வெளியிட்டனர். எல்லோருடைய கணுக்காலிலும் ஓரளவு தேய்மானம் இருந்தது. எனினும் நூற்றுக்கு 95 பேர் அறுவையால் மனநிறைவு அடைந்திருந்தனர். இரண்டு உண்மைகளையும் சேர்த்தே நோயாளிகளிடம் கூறுகிறோம். இணைப்பு வலியை நீக்குகிறது. அதன் விலையை அண்டை மூட்டு பல ஆண்டுகளில் தவணையாகச் செலுத்துகிறது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு முதலில் பிரித்துப் பார்க்க விரும்புவதும், நாற்பது வயதில் தேய்ந்த பாதத்துக்கு இணைப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பதும் இதனால்தான்.

இணைத்த பின் கணுக்கால் மேலும் கீழும் அசையும். எனவே குந்தி அமர்வது பலருக்கு இயலும். பக்கவாட்டுச் சாய்வு இராது. வரப்பில் நடப்பதும், வெறுந்தரையில் நெடுநேரம் சப்பணமிட்டு அமர்வதும் கடினமாகலாம். பேருந்துப் படி, மாடிப்படி, மிதிவண்டி ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் தடையில்லை. வீட்டில் யார் எந்த வேலையைச் செய்கிறார்கள், தரையில் அமர்ந்து செய்யும் தொழிலா என்பதையெல்லாம் நாங்கள் கேட்பது அறுவை வகையைத் தீர்மானிப்பதற்காகவே.

நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களின் நிலை வேறு. இதில் நம் மாநிலத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் உணர்விழந்த பாதங்களின் எலும்புகள் எவ்வாறு நொறுங்குகின்றன என்பதை ஹாரிஸ் என்னும் மருத்துவருடன் இணைந்து 1966இல் விரிவாக எழுதினார்; இவர் கனடாவின் ஹாரிஸ் அல்லர். வலி உணரப்படாத பாதத்தில் எலும்பு இணைய நெடுங்காலம் பிடிக்கும். நோயாளி அறியாமலே ஊன்றி நடந்து இணைப்பை உடைத்துவிடுவார். மரத்த பாதம் வீங்கிச் சூடாக இருந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றே வந்து காட்டுங்கள்.

அறுவைக்குப் பின்

பிரிக்கும் அறுவைக்குப் பின் இரண்டு, மூன்று வாரங்கள் கட்டு இருக்கும். அதன் பின் பாதத்தை அசைக்கும் பயிற்சியை வலி சற்று இருந்தாலும் நாள்தோறும் செய்ய வேண்டும். வென்றெடுத்த அசைவு பயிற்சியின்றி நிற்காது. இணைக்கும் அறுவையில் நேர்மாறு: ஏறத்தாழ ஆறு வாரங்கள் காலைத் தரையில் ஊன்றக்கூடாது, அடுத்த ஆறு வாரங்கள் கட்டுடன் மெல்ல ஊன்றலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்றாம் வாரமே நடந்தான் என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாம். அவனுக்குச் செய்தது வேறு அறுவையாக இருக்கக்கூடும்.

கிருமித்தொற்று, கீறலருகே மரத்துப்போதல், பிரித்த இடத்தில் எலும்பு மீண்டும் வளர்தல், இணைத்த இடம் ஒட்டாமல் போதல், வலி முழுதும் தீராமை ஆகியவை நேரக்கூடிய பின்விளைவுகள். பிரித்த பின்னும் பாதத்தின் தட்டை வடிவம் பெரும்பாலும் அப்படியே இருக்கும், அது தோல்வியன்று. பீடி, சிகரெட் புகைப்போருக்கு எலும்பு இணைவது தாமதப்படும். இணைப்பு அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே புகையை விட்டிருக்க வேண்டும் என்பதில் நாங்கள் கண்டிப்பாக இருக்கிறோம். கட்டுக்குள் வலி திடீரென மிகுதல், விரல்கள் நீலம்பாய்தல், விரல்களை அசைக்க இயலாமை ஆகியவை தோன்றினால் இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்கு வர வேண்டும்.

ஊன்றுகோலுடன் நடக்கும் வாரங்களில் உயர இருக்கையுள்ள கழிப்பறைக்கு முன்னதாகவே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்போர், தங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட அறுவை அதில் அடங்குமா என்பதைச் சேர்க்கைக்கு முன்னரே காப்பீட்டு உதவி மையத்தில் கேட்டு எழுதிப் பெறலாம். முதல் முறை வரும்போது பழைய எக்ஸ்ரே படங்கள் அனைத்தையும் கொண்டு வாருங்கள். பிள்ளை ஓராண்டாக அணிந்து தேய்த்த பள்ளிக் காலணியையும் கொண்டு வந்தால் இன்னும் நல்லது. குதிகாலின் எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்பது எங்களுக்குப் பலவற்றைக் கூறும்.